ஐந்தாவது ஆள்

தெருவில் அவளுக்குப் பெயர் ஏணி. ஊரின் முதல் பெண்கள் கூடைப்பந்து அணியைக் கூட்டியவள், தேசிய அணிக்கு ஆடி நாலு நாடு பார்த்தவள் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரு மறக்காமல் வைத்திருப்பது கொடியில் காய்ந்த அவளுடைய அரைக்கால் சட்டையைத்தான். அதைப் பார்த்த மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் சேர்த்துச் சாப்பிட்டாள் என்பது எதிர்வீட்டுத் தகவல்.

ஆட்டத்துக்காகக் கிடைத்த குமாஸ்தா வேலையில் சேர்ந்த நாற்காலியிலேயே அவள் தேய்ந்தாள். ஓடித் திரிந்தவளுக்கு ஃபைல் என்ன தெரியும் என்று ஒவ்வொரு அதிகாரியும் பதவி உயர்வைத் தள்ளிவிட்டார். வீட்டுக்காரர் கோப்பைகளைப் பரணில் ஏற்றி அந்த இடத்தில் டிவியை வைத்தார்.

மிச்சம் மைதானம் ஒன்றுதான். அதன் மேலும் நகராட்சிக்குக் கண். இந்த வருட லீக்கில் பெண்கள் அணி ஆடாவிட்டால் அது வண்டி நிறுத்துமிடம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஐந்து பேர் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. ஏணியையும் சேர்த்துத் தேறியவர்கள் நாலு பேர். ஐந்தாவதாக மகளின் பெயரை, மகளை ஒரு வார்த்தை கேட்காமல், எழுதிக் கொடுத்துவிட்டாள். கொடுத்தபின் மாற்ற முடியாது. பெற்றவள் என்கிற திமிர்தான், வேறென்ன?

மகள் அம்மாவைவிட உயரம். பள்ளியில் ஆடியபோது பந்து அவள் கையில் ஒட்டிக்கொள்ளும். இப்போது மருந்துக்கடையில் வேலை. ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் ஏணி மெதுவாக விஷயத்தைப் போட்டாள்.

"ஒரே ஒரு மேட்ச்டி. சும்மா வந்து நின்னா போதும்."

"நின்னா அடுத்ததுக்கும் நிக்கச் சொல்லுவ." மகள் நிமிரவே இல்லை. "நீ ஜெயிச்ச கதையெல்லாம் கேட்டுட்டேன்மா. ஆனா உன் முட்டிக்கு தைலம் தேய்ச்சு விடுறது நான்தானே?"

எத்தனையோ தடுப்பாட்டக்காரிகளைத் தாண்டியவளுக்கு இதைத் தாண்ட வழி தெரியவில்லை.

மறுநாள் நாலு பேர் நின்றார்கள். அணியிலிருந்த தையல்காரி தன் தங்கையை இழுத்துவந்தாள். பட்டியலில் இல்லாதவள் ஆட முடியாது என்று நடுவர் கையை விரித்தார். வேடிக்கை பார்க்க வந்த தெரு முழுக்க, மகள் வரமாட்டாள் என்று சொன்னது. ஏணி மட்டும் மைதானத்தின் கேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொடுத்த அவகாசம் முடிந்ததும் நடுவர் விசில் ஊதி, வெற்றியை எதிரணிக்குக் கொடுத்தார்.

எதிரணித் தலைவி வந்து கைகொடுத்தாள். "அக்கா, உங்களப் பாத்துதான் நான் ஆட வந்தேன்."

"ஆட்டத்துக்காகக் கிடைச்ச வேலை நிரந்தரமாச்சா?"

"அடுத்த வருஷம்னு போன வருஷம் சொன்னாங்கக்கா."

ஆட்டத்தை விட்டுத் தொலை என்று சொல்ல ஏணிக்கு வாய் வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"உங்க டீம்ல ஏழு பேர் இருக்கீங்க. அடுத்த தடவை எங்களுக்கு ஒருத்தியத் தருவீங்களா?"

அந்தப் பெண்ணின் பார்வை ஏணியைத் தாண்டிப் போனது. ஏணியின் முதுகுக்குப் பின்னால், நகராட்சி ஆள் டேப்பை இழுத்து எத்தனை வண்டி நிற்கும் என்று அளந்துகொண்டிருந்தான்.