மேட்டில் வழியட்டும்

தியாகராய நகர்க் கடைத்தெருவில் இனி மழைத்தண்ணீர் தேங்காது, சாக்கடை பொங்காது என்று சொல்லி எழுபத்து மூன்றாம் வருஷம் அகலமான புதுக் குழாய் பதித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதைக் கொண்டுவந்து எங்கள் சந்தின் பழைய ஒடுக்கக் குழாயில் சேர்த்துவிட்டுப் போனார்கள். அண்டாவைக் குவளையில் கவிழ்த்தால் என்ன ஆகும்? முதல் மழையிலேயே கடைத்தெருச் சாக்கடை எங்கள் அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டது. வாந்திபேதியில் என் மூத்தவன் போனான். இரண்டு வயது.

அடுத்த ஐப்பசியில் கையில் இன்னொரு பிள்ளை. வானம் கறுத்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். சந்துப் பக்கம் வந்த என்ஜினீயரை மறித்துக் கேட்டேன்.

"எங்கேயாவது வழிஞ்சுதாம்மா ஆகணும். தாழ்வான இடத்துலதான் வழியும். உங்களுக்குத் தனி லைன் போட ரெண்டு வருஷம் ஆகும்."

"அதுவரிக்கும் மேட்டாண்ட, கடைத்தெருவுலியே வழியட்டுமே சார்."

சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில், பள்ளம் மூடக் குழாய்க்காரர்கள் விட்டுப்போயிருந்த மணல் மூட்டைகளை நானும் பக்கத்து வீட்டு ரத்னாவும் சுப்பம்மாவும் இழுத்துவந்தோம். சந்து முனையில், இரண்டு குழாயும் சேரும் இடத்துச் சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பி, மூட்டைகளைக் கயிற்றில் இறக்கி, புதுக் குழாயின் வாயை மூங்கிலால் குத்திக் குத்தி அடைத்தோம்.

"போலீஸ் வந்தா இன்னா பண்ணுவே தேவானை?" என்றார் என் வீட்டுக்காரர்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மூடியைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் மழை கொட்டியது. எங்கள் சந்தில் வெறும் மழைத்தண்ணீர்தான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஜவுளிக்கடை முதலாளி சுயம்புலிங்கம், முழங்கால்வரை சாக்கடைச் சேறு நாற, என்ஜினீயரையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, கடைக்குள்ள பூரா சாக்கடைத் தண்ணி! பண்டிகைச் சரக்கெல்லாம் போச்சே! மொதல்ல எந்திரி!"

"துணி போச்சுன்னு ஓடியாந்துகீறியே மொதலாளி, என் புள்ள போச்சே, அப்போ எவன் வந்தான்?"

அவர் என்ஜினீயரைத் திரும்பிப் பார்த்தார். என்ஜினீயர்தான் குனிந்து, "மூட்டையை எடுக்க விடும்மா. நாளன்னிக்கே தனி லைன் வேலையை ஆரம்பிச்சுடறோம்" என்றார். இரண்டு வருஷம் இரண்டே நாளாகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"குழா லாரி இந்தச் சந்துக்குள்ள வரட்டும் சார், எந்திரிக்கிறேன்" என்றேன். "அதுவரிக்கும் அவரு கடையிலியே வழியட்டும்."