எட்டு மணி நேரக் கொய்யா

என் மனைவி அமலராணி அயர்லாந்துக்குப் போய் மூன்று வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தபோது, அவளுக்கு முன்னால் அவளுடைய குக்கர் திரும்பி வந்தது.

ஒன்றில்லை, இரண்டு. ஒன்று, போகும்போது சேலைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துப்போன எங்கள் கல்யாணத்துப் பிரஷர் குக்கர். மற்றது, அங்கே போய் வாங்கிய ஸ்லோ குக்கர். உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, பக்கத்தில் ஒரே ஒரு திருகு. கூட வேலை பார்க்கும் கோட்டயத்து நர்ஸ் ஊருக்குச் சாமான் அனுப்பியபோது பெட்டியில் இடம் இருந்ததாம். அதில் போட்டு, கோட்டயத்திலிருந்து லாரி சர்வீஸில் திண்டுக்கல் வந்து சேர்ந்தது. கூடவே இரண்டு கம்பளியும் ஒரு குளிர்கோட்டும். கோட்டை நான் போட்டுப் பார்த்தேன். திண்டுக்கல் வெயிலில் அது ஒரு தண்டனை.

பக்கத்து வீட்டு ரஃபியா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"சாமான் முன்னாடி வந்தா ஆளு பின்னாடி வந்துரும்ணே. எங்க வீட்டுக்காரரு சவூதிய முடிச்சுக்கிட்டு வந்தப்பவும் அப்படித்தான். மொதல்ல டிவி வந்துச்சு, அப்புறம் மெத்தை வந்துச்சு, அப்புறம் அவரு வந்தாரு."

"லீவுல வாரேன்னுதான் சொல்லிருக்கா, ரஃபியா."

"லீவுல வாரவுக எதுக்குண்ணே குக்கர அனுப்பணும்? திரும்பிப் போயி அங்க சோறு பொங்க வேணாமா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இந்தத் தீர்ப்பை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் மூன்று வருடமாகக் காத்திருந்தேன்.

அமலாவிடம் நேராகவே கேட்டிருக்கலாம். 'ஒரேயடியா வாரியா?' இரண்டே வார்த்தை. கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். என் பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். அறிவியல் டீச்சர் கேட்காமலே எடுத்துக்கொள்வார். கழுத்தில் விசிலோடு வேப்பமரத்தடியில் நின்று, 'நமக்கு எப்போது பிள்ளைகளை விடுவார்கள்' என்று பார்த்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டியவன். காத்திருப்பது எனக்குத் தொழில்.

ஆகையால் அவளிடம், "அந்த ஸ்லோ குக்கர்ல என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. பின்னால் பஸ் ஓடும் சத்தம்.

"நான் ஆப்பிள நறுக்கிப் போட்டு, பட்டை, கிராம்பு, சுக்குத்தூள் போட்டு மூடிட்டு டூட்டிக்குப் போயிருவேன். எட்டு மணி நேரம் அதுபாட்டுக்கு வேகும். வந்து மசிச்சு, மூடிய லேசாத் தொறந்து வச்சு இன்னும் ரெண்டு மணி நேரம் வச்சா கெட்டியாயிரும். ரொட்டியில தடவிச் சாப்பிடலாம். ஃப்ரூட் பட்டர்னு பேரு, ஆனா வெண்ணெய் கெடையாது. ஒண்ணு, நடுவுல கிண்டக் கூடாது, தொறந்து தொறந்து பாக்கக் கூடாது. உங்களுக்கு அது ஆகாது."

கடைசி வாக்கியத்துக்காகவே அதைப் பதினோரு முறை கேட்டேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் பஸ்ஸில் போகிறவளுக்கு என் கையின் அவசரம் ஞாபகம் இருக்கிறது. வரப்போகிறவள்தானே இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பாள்?

அவள் வந்து இறங்கும் காலையில் மேசையில் அந்தப் பழவிழுது இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். திண்டுக்கல்லில் ஆப்பிள் விற்கிற விலைக்கு ஒரு வாத்தியார் வேடிக்கை பார்க்கலாம், எட்டு மணி நேரம் வேகவைக்க முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் கொய்யா விற்கும் சிவனம்மாளிடம் போனேன்.

"நெய்க்காரப்பட்டித் தோட்டத்துக் காயி வாத்தியாரே, காலையிலதான் வந்துச்சு. எம்புட்டு?"

"நாலு கிலோ. நல்லாப் பழுத்ததா."

"வீட்டுல இருக்கிறது நீங்களும் பிள்ளையும். கொரங்கு எதுவும் வளக்குறீகளா?"

"வீட்டுக்காரி வாரா. ஒரேயடியா வாரா."

சொல்லிவிட்டேன். முதல் தடவையாக வாய்விட்டு, அதுவும் ஒரு கொய்யா வண்டிக்கு முன்னால். சிவனம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தராசில் இரண்டு பழம் கூடப் போட்டாள். "அதான் மொகம் இப்படிக் கெடக்கா," என்றாள். நிறுத்துக் கொடுத்துவிட்டாள், இனி அது ஊருக்கே செய்தி.

முதல் முயற்சி மின்வாரியத்திடம் தோற்றது. பருத்த மூன்று கால் கொண்ட அந்தச் சீமை பிளக்குக்கு அடாப்டர் தேடி இரண்டு கடை ஏறி இறங்கி, மாட்டித் திருகைத் திருப்பிய நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள். முந்தின நாள் பேப்பரிலேயே போட்டிருந்தான். நான் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் படிக்கிறவன். சாயங்காலம் மூடியைத் திறந்தபோது கொய்யா காலையில் வைத்த மாதிரியே இருந்தது, கொஞ்சம் புளிப்போடு.

இரண்டாவது முயற்சி என்னிடமே தோற்றது. என் மகள் ஐரின், பதினாறு வயது, பிளஸ் ஒன், மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மூடியத் தொறந்தா உள்ள சூடு போயிரும். மறுபடி ஏற அரை மணி நேரம் ஆகும். இதோட பதினாலு தடவ."

"அடிப்பிடிக்குதான்னு பாக்குறேன்மா."

"அடிப்பிடிக்காதுன்னுதான இதையே கண்டுபிடிச்சிருக்காங்க."

அன்றைக்கு வந்தது விழுதில்லை, விதையோடு கூடிய கொய்யா ரசம். ஐரின் அதையும் ரொட்டியில் தொட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டை ஒரு துண்டு, கிராம்பு நாலு, சுக்கு, நாட்டுச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. எட்டு மணி நேரம் கழித்துச் சல்லடையில் தேய்த்து விதையை எடுத்து, மூடிக்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே கொடுத்து இன்னும் இரண்டு மணி நேரம். செங்கல் நிறத்தில், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் வந்தது. வீடு கிறிஸ்துமஸ் கேக் மாதிரி மணத்தது. மறுநாளும் ஒரு சட்டி வைத்தேன். மொத்தம் ஐந்து பாட்டில். ரஃபியாவுக்கு ஒன்று, தலைமையாசிரியருக்கு ஒன்று, பங்குச் சாமியாருக்கு ஒன்று. கொடுக்கும்போதே, "அமலா ஒரேயடியா வந்துர்றா" என்பதையும் சேர்த்தே கொடுத்தேன். சாமியார், "அப்போ பாடகர் குழுவுக்கு ஆள் கிடைச்சிருச்சு" என்றார். பாட்டில்களுக்கு லேபிள் எழுதி ஒட்டியவள் ஐரின். தேதி, பெயர், பக்கத்தில் ஒரு குட்டிக் கொய்யாப் படம். படம் போடும்போது அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. காலாண்டு மார்க் குறைந்த கவலை என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

அமலா வந்த காலை, மதுரை ஏர்போர்ட்டுக்கு அவள் தம்பி ராபினும் ஐரினும்தான் காரில் போனார்கள். நான் போகவில்லை. அவளுக்கென்று புதிதாக ஒரு சட்டி வைத்திருந்தேன். அது கடைசி இரண்டு மணி நேரத்தில் இருந்தது. மனைவியை மூன்று வருடம் கழித்துப் பார்க்கும் ஏர்போர்ட்டையும் ஒரு கொய்யாச் சட்டியையும் தராசில் வைத்து, சட்டியைத் தேர்ந்தெடுத்த ஆண்மகனை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

ராபின் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அமலா இளைத்திருந்தாள். முடியைத் தோளோடு வெட்டியிருந்தாள். வீட்டுக்குள் வந்து நின்று மூச்சை இழுத்தாள்.

"செஞ்சுட்டீங்களா?"

"மொதல்ல சாப்பிடு."

வாட்டிய ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்து, கண்ணை மூடி மென்றாள். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி முன்னால் நிற்பவன் போல நின்றேன்.

"கிராம்பு ஒண்ணு கொறச்சிருக்கலாம்," என்றாள். பிறகு, "ஆனா ஆப்பிளவிட இது நல்லாருக்குங்க. நெசமாத்தான்." இன்னொரு துண்டு கேட்டாள்.

எனக்குத் தைரியம் வந்தது. இரண்டு வார்த்தைக் கேள்வியை இப்போதும் கேட்கவில்லை. பேச்சைப் பக்கத்துச் சந்து வழியாக விட்டேன். "பிரஷர் குக்கருக்குப் புது வாஷர் போட்டு வச்சிருக்கேன். வெயிட்டும் மாத்தியாச்சு."

"அதுக்கு எதுக்குச் செலவு பண்ணுனீங்க? நான் வீடு மாறுனேன்ல, புது வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புல அலுமினியம் சூடே ஏறாது. குப்பையில போட மனசு வரல. பெட்டியில எடம் இருந்துச்சு, அனுப்பிட்டேன்."

"இந்த ஸ்லோ குக்கரு?"

"பெருசா ஒண்ணு வாங்கிட்டேன். ரெண்டு பேருக்கு இது பத்தாது."

ரெண்டு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. ஐரின் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டியின் ஓரத்தை மட்டும் பிய்த்துப் பிய்த்து வரிசையாக அடுக்கியிருந்தாள்.

அமலா கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தாள்.

"நேர்ல சொல்லணும்னுதான் இருந்தேன். போன்ல சொன்னா நீங்க ஏதாச்சும் ஜோக்கடிச்சுட்டு வச்சிருவீங்க. பிள்ளைய அங்க சேக்கலாம்னு இருக்கேன். இப்ப சேத்தாத்தான் அங்க காலேஜுக்குப் போக முடியும். ஸ்கூல்ல எடம் சொல்லிட்டாங்க. தகப்பன் சம்மதம்னு எழுதிக் கேக்குறாங்க. கையெழுத்துப் போட்டா நோட்டரியில குடுத்துறலாம்."

ஐரினுக்குப் பாஸ்போர்ட் எடுக்க ஆறு மாதத்துக்கு முன்னால் நான் ஸ்கூட்டர் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்ட ஞாபகம் வந்தது. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பது.

"எனக்கு ஏதும் ஃபாரம் இருக்கா?"

"மூணு பேருக்குன்னா என் சம்பளம் பத்தாதுங்க, அங்க ரூல் அப்படி. மொதல்ல பிள்ளை போகட்டும். உங்களுக்குப் பின்னாடி பாப்போம். பென்ஷன் வேலைய விட்டுட்டு அங்க வந்து என்ன செய்வீங்க?"

"அங்க விசில் ஊத ஆளெடுக்க மாட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஐரின் பக்கம் திரும்பினேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆகஸ்ட்ல."

"லேபிள் எல்லாம் ஒட்டுனியேம்மா."

"நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா." அடுக்கிய ரொட்டி ஓரங்களைக் கையால் கலைத்தாள். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தெனமும் சொல்லணும்னுதான் வந்து உக்காந்தேன்."

பதினாலு தடவை என்று அவள் எண்ணியது ஞாபகம் வந்தது. படிப்பதற்கு அவளுக்குத் தனி அறை இருக்கிறது.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் எதுவும் நகராது. என்னைக் கேட்காமல் யாரும் எடுத்துக்கொள்ள முடியாத ஒரு பொருள் வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையில் இருந்தது. முடியாது என்று சொல்லலாம். சொன்னால் ஐரின் இங்கேயே இருப்பாள். நான் கிண்டிய எதையும் தின்பாள். இருபது வயதிலும் இதே மேசையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருப்பாள். அவள் பெரியவளானபோது ரஃபியாதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அமலா போனில் முகத்தை மட்டும் காட்டி அழுதாள். நான் வாசலில் நின்று ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அது சுத்தமாக இருந்தும். இப்போது மேசைக்கு அடியில் பிள்ளை அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருப்பது, நான் பார்க்கக் கூடாதென்று நினைத்தும், தெரிந்தது.

"எங்க போடணும்?" என்றேன்.

அமலா விரலால் காட்டினாள். போட்டேன். "இன்னொரு காப்பியிலயும்," என்றாள். அதிலும் போட்டேன். என் பெயரை அவ்வளவு அழகாக நான் எழுதியதே இல்லை. ஆண்டனிராஜ், ஒரு எழுத்தும் கோணவில்லை.

"ரெண்டு பேரும் எத்தன நாளு இருப்பீங்க?"

"பதினெட்டு நாளு."

தட்டுகளை எடுத்தேன். ஐரின் எழுந்து உதவ வந்தாள், வேண்டாம் என்றேன். ரஃபியாவிடமும் தலைமையாசிரியரிடமும் சாமியாரிடமும் என்ன சொல்வது என்று யோசித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோக் தயார் செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணினேன். பதினெட்டு நாளில் மூன்று ஜோக் தேறாதா என்ன. ஒன்றும் உடனே வரவில்லை. பீங்கான் சட்டியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டி வாயில் போட்டேன். அமலா சொன்னது சரிதான். கிராம்பு அதிகம்.

கூடத்துக்கு வந்து, "மதியத்துக்கு என்ன வெஞ்சனம் வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியம் ராபின் வீட்டில் சாப்பாடு என்று காரிலேயே முடிவாகியிருந்தது.