கழுத்துப் பட்டன்

என் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் 'அரை இஞ்ச்' என்று பெயர். நாளைக்கே உடம்பு போட்டுவிட்டால் என்ன செய்வது என்று, யார் சட்டையிலும் உள்ளே அரை இஞ்ச் துணி விட்டுத் தைக்கிற டெய்லர் அவர். வெட்டுவதும் தைப்பதும் அவர் பாடு. காஜாவும் பட்டனும் என் பாடு.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் நாக்கின் ஓரத்தில் புற்றுநோய் வந்து, வெட்டி எடுத்தார்கள். அடுத்து அது கழுத்துக்குத்தான் இறங்கும், அங்கே இருக்கிற சுரப்பிகளையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. தோள் கொஞ்சம் தளரலாம் என்றும் சொன்னார். கை தூக்க வராவிட்டால் கத்திரி எதற்கு என்று இவர் மறுத்துவிட்டார். நானும் ஒத்து ஊதினேன். அப்படியானால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள், வாரம் தவறாமல் வீட்டில் கழுத்தைத் தடவிப் பாருங்கள் என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறுதோறும் நான்தான் தடவிப் பார்த்தேன். சில மாதமாக, தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விட்டது தொல்லை என்றிருந்தது எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பள்ளிச் சீருடை குவிந்து கிடந்த நேரம் என்பதால் செக்கப்புக்கும் அவரைத் தனியாகவே அனுப்பினேன். ஒன்றுமில்லையாம் என்று வந்து சொன்னார். நம்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை அவர் சட்டைக்கு இஸ்திரி போடும்போது கழுத்துப் பட்டனைப் பார்த்தேன். அடியில் நூலை மூன்று சுற்று சுற்றித்தான் நான் முடிச்சுப் போடுவேன். இதில் சுற்றே இல்லை. பக்கத்தில் பழைய ஊசித் தடம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பட்டன் காலர்பட்டியின் விளிம்புக்கே வந்திருந்தது. அலமாரியிலிருந்த மற்ற நான்கு சட்டையும் அப்படித்தான். கழுத்து வீங்க வீங்க, எனக்குத் தெரியாமல் அவரே பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு செக்கப்புக்கு அவர் போகவேயில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பெரிய ரத்தக்குழாயச் சுத்தி வளர்ந்திருச்சும்மா. இனிமே ஆபரேஷன் பண்ண முடியாது. ரேடியேஷன் குடுத்துக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கலாம். ஆரம்பத்துலயே வந்திருந்தா எடுத்திருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "உயிர் போற விஷயத்துலயும் ஆல்ட்ரேஷன்தானா உங்களுக்கு?"

அவர் பேச்சு குழறும். எனக்கு மட்டும் புரியும். "போன தடவ எங்கிட்ட சிரிச்சிட்டு, பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டு அழுத. அத இன்னொரு தடவ கேக்கத் தெம்பில்ல."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

இன்று காலை முதல் ரேடியேஷன். கடைசிப் பட்டன் வரை போடாமல் வாசல் தாண்டாத மனிதர், கண்ணாடி முன் மல்லுக்கு நின்றுவிட்டு, சட்டையையும் ஊசியையும் என்னிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் தள்ளி வையேன்."

விளிம்புக்கு மேல் எங்கே தள்ளுவது? உள்ளே விட்ட துணி இருக்குமே என்று காலர்பட்டியைப் பிரித்தேன். ஊருக்கெல்லாம் விட்டவர் தனக்கு விட்டுத் தைக்கவில்லை.

"துணி இல்லீங்க."

"தெரியும்," என்றார்.

பட்டன் போடாமலே கிளம்பினோம்.