ஏலூர்க் கரண்டு

மட்டாஞ்சேரியில் கரண்டு என்று ஒன்று இருந்ததே தவிர, அதை நம்பி ஒரு காரியம் செய்ய முடியாது. பகலெல்லாம் ஐஸ் கம்பெனிகளும் எண்ணெய் மில்லுகளும் அதை உறிஞ்சிக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் ஊர் மொத்தமும் விளக்கைப் போட்டு மிச்சத்தைத் தீர்த்துவிடும். டியூப் லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கிடக்கும், எரியாது. மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிற பிச்சைமணிக்கு இதிலெல்லாம் ஒரு புகாரும் இருந்ததில்லை. குவைத்திலிருந்து டேப்ரிக்கார்டர் வந்த பிறகுதான் அவனும் கரண்டைத் திட்டுகிறவர்களோடு சேர்ந்துகொண்டான்.

அனுப்பியவள் அவன் மனைவி கனகாம்பாள். ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு, இரண்டு வருஷம் என்று பேசி, எண்பத்தொன்றில் போனவள். இரண்டு பேருக்கும் எழுத்து வராது. கடிதம் என்றால் எழுத ஒருவர், படிக்க ஒருவர். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே இரண்டு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே அக்கம்பக்கத்து வளைகுடாக் குடும்பங்கள் செய்ததையே இவர்களும் செய்தார்கள். லீவில் வருகிற யாராவது கேசட் கொண்டுவருவார். அவர் திரும்பிப் போகும்போது அதே கேசட்டில் பதிலைப் பேசிக் கொடுத்தனுப்ப வேண்டும். புதுக் கேசட் வாங்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தபால்காரன் சைக்கிள் மாதிரி ஒன்றே போய் வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அவள் பேசி நிரப்பியிருப்பாள். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அவன் பேசப் பேச அவள் பேசியது அழிந்துபோகும். ஒவ்வொரு தடவையும் அவளை அழித்துத்தான் அவளோடு பேச வேண்டியிருந்தது.

அந்த டேப்ரிக்கார்டரும் லேசுப்பட்டதல்ல. பாட்டரி போடுகிற இடத்தில் ஸ்பிரிங் உடைந்தே வந்து சேர்ந்தது. கரண்டில் போட்டால் மோட்டார் நோயாளி மாதிரி சுற்றும். கனகாம்பாளின் குரல், சாப்பிட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிற ஏதோ ஒரு தடித்த ஆளின் குரலாக வரும். முதல் கேசட்டைக் கேட்க வந்த பக்கத்து வீட்டு ஓமனா, பேசுவது கனகத்தின் அப்பாவா என்று விசாரித்தாள். ரிப்பேர்க்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, பெட்டியில் குற்றமில்லை, உன் கரண்டில்தான் உயிரில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் ஏலூர் நினைவுக்கு வந்தது. அங்கே உரத் தொழிற்சாலைப் பக்கத்துக் குடியிருப்பில் கரண்டு ஒரே சீராக வரும். தங்கையா அங்கே கேண்டீனில் வேலை பார்த்தான். பிச்சைமணியோடு ஒரே ரயிலில் பிழைக்க வந்தவன். அன்றிலிருந்து கேசட் வந்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம் டேப்ரிக்கார்டரைக் கனகாம்பாளின் பழைய சேலையில் சுற்றி, கேரியரில் டியூபால் இறுக்கிக் கட்டி, பிச்சைமணி சைக்கிளை ஏலூருக்கு மிதித்தான். நலம் என்று பதிலுக்கு நாலு வார்த்தையும் அங்கேயே பதிந்துகொள்வான். போக ஏழு எட்டு மைலா, அதைப்போல இரண்டு மடங்கு. கைவண்டிகளும் நடுரோட்டில் படுத்துக்கொண்ட ஆடுகளும் விட்ட சந்தில் பஜாரைத் தாண்ட வேண்டும். சுக்குக் கிடங்குப் பக்கம் தும்மாமல் போகிறவன் எவனுமில்லை. தோப்பும்படி பாலத்தில் எதிர்காற்று ஆளை நிறுத்திவைக்கும். களமசேரி ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். பெண்டாட்டி குரல் பெண் குரலாகக் கேட்பதற்காக இத்தனை பாடு.

எண்பத்துமூன்று மே மாதம் முகமது இஸ்மாயில் வந்தார். குவைத்தில் டிரைவர், மட்டாஞ்சேரிக்காரர். இந்தத் தடவை குறுகிய லீவு. புதன்கிழமை கிளம்புகிறேன், அதற்குள் பதில் தந்துவிடு என்று சொல்லிக் கேசட்டைக் கொடுத்தார். ஞாயிறன்று ஏலூரில் தங்கையாவும் அவன் மனைவி மாடத்தியும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருக்க, கனகாம்பாள் பேசினாள்.

"ஏங்க, இந்த மாசத்தோட ரெண்டு வருசம் முடியுது. இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பேப்பர் போடணும்ங்கிறாங்க. நீங்க வான்னு சொன்னா நான் கைநாட்டு வைக்க மாட்டேன். காசு பணத்தப் பத்திப் பேசாதீங்க. வரவா, வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க."

 மாடத்தி, எப்போதும்போல இங்கேயே பேசிப் பதிந்துவிட்டுப் போங்களேன் அண்ணே, கரண்டும் நன்றாக இருக்கிறது என்றாள். பிச்சைமணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வா என்று பெண்டாட்டியைக் கூப்பிடுவதை நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கவா? வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று மழுப்பிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

சைக்கிளில் ஏறினால்தான் அவனுக்கு வாய் திறக்கும். எடப்பள்ளியிலிருந்து தேவரா வரை அவளிடம் பேசிக்கொண்டே வந்தான். பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டியதுகூட உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினான். ஓமனா வந்து தட்டினாள். தலைவலி என்று உள்ளேயிருந்தே அனுப்பிவிட்டான். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினான்.

"கனகு, வந்துரு. இங்க எனக்கு ஒரு குறையுமில்ல, நீதான் இல்ல. கைநாட்டு வைக்காத. வந்துரு, கேட்டியா? வந்துரு."

போட்டுக் கேட்டான். தன் குரல் தன் குரலாகவே, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. அவனுக்கே ஆச்சரியம்; பாழாய்ப்போன கரண்டு ஒரு நாளாவது ஒழுங்காக இருந்ததே என்று நினைத்துக்கொண்டான். புதனன்று இஸ்மாயில் கையில் கேசட்டைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கினான்.

ஜூன் போயிற்று. மழையில் சுவரெல்லாம் மறுபடி பச்சை பிடித்தது. படகுத்துறைச் சாயாக்கடையில் உட்கார்ந்து, எர்ணாகுளம் படகிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துக்கொண்டிருப்பான். படகில் இறங்கி நேரே வருவாள் என்று யாரும் சொல்லவில்லை, அவனாக நினைத்துக்கொண்டதுதான். அவளுக்குப் பிடித்த கப்பைக்கிழங்கை வாங்கிவைத்து, அழுகினதும் எறிந்து, மறுபடி வாங்கினான். ஆகஸ்ட் வந்தது, அவள் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வந்து புதுக் கேசட் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார்.

ஞாயிறு வரை அதைத் தொடவில்லை. கொட்டுகிற மழையில், டேப்ரிக்கார்டருக்கு மேல் ரப்பர் ஷீட்டைப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டே ஏலூருக்கு மிதித்தான். மாடத்தி தலை துவட்டத் துண்டு தந்தாள். எப்போதும்போல எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"உங்க கேசட்டப் போட்டாக்க, ஏங்க, கிளிக்குஞ்சு கத்துற மாதிரி கீச்சுக்கீச்சுன்னு ஓடுது. ஒரு சொல்லு புரியல. இங்கத்துப் பிள்ளைகளெல்லாம் சிரிச்சு, திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுதுங்க. நான் அழுதுகிட்டு ஒரு கேள்வி கேட்டா இவரு வெளையாடுறாரேன்னு நெனச்சேன். கைநாட்டு வச்சுட்டேன்."

பிச்சைமணிக்கு அப்போதுதான் புரிந்தது. செத்த கரண்டில் மெல்லச் சுற்றின நாடாவில் பேசியது, உயிருள்ள கரண்டில் வேகமாகத்தானே ஓடும். அவள் பேச்சு மட்டாஞ்சேரியில் இழுபடும் என்று தெரிந்தவனுக்கு, தன் பேச்சு குவைத்தில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. வீட்டில் போட்டுக் கேட்டபோதும் அதே செத்த கரண்டுதான்; அதனால்தான் அத்தனை தெளிவாக இருந்தது. இந்தக் கூடத்தில், இதே ஆட்களுக்கு முன்னால், அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் இப்போது வீட்டில் இருப்பாள். தங்கையா நிறுத்தப் போனான். வேண்டாம் என்று பிச்சைமணி கையைக் காட்டினான். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் இருபது நாள் கழிச்சு, அடுக்களையில பாட்டரியில போட்டேன். பாட்டரி தீரப் போற நேரம், மெல்லமா சுத்துச்சு. நீங்க பேசுனீங்க. வந்துருன்னீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க. மூணாவதா என்னமோ சொல்ல வந்தீங்க, அதுக்குள்ள நின்னுருச்சு. அந்தக் கேசட்ட நான் திருப்பி அனுப்ப மாட்டேன். இது வேற வாங்குனது."

நாடா வெறுமனே சுற்றியது. மழை இரைச்சல்தான் கேட்டது. மாடத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாயா போடுகிற சாக்கில் எழுந்தாள்; பிள்ளைகளையும் வெளியே வரச் சொன்னாள். யாரும் போக வேண்டாம், இருங்கள் என்றான் பிச்சைமணி. இன்னும் இரண்டு வருஷம். அதை எண்ணிப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. கேசட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் போட்டான். இந்தத் தடவை அந்தப் பக்கத்தில் அவள் ஒன்றும் பேசியிருக்கவில்லை, அழிக்க எதுவுமில்லை. இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கனகு," என்றான், அடுத்த வீட்டுக்கும் கேட்கிற குரலில், "மூணாவதும் அதேதான் சொன்னேன்."