கிளாக்கரம்மாவின் உப்புக் கை

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆபீசுக் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் சிற்றம்பலம் ஐயா வீட்டுச் சாப்பாட்டுக்கு அப்படி ஒரு பேர். துரை பங்களாச் சமையல்காரனே அந்த வீட்டுக் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பைப் பற்றிப் பெருமூச்சு விடுவான். பேரெல்லாம் கிளாக்கரம்மா லீலாதேவிக்கு. வேலையெல்லாம் எனக்கு. நான் பரிமளம், தொழிலாளர் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்துப் புஷ்பத்தின் மகள்.

அடுப்பு மூட்டுவது நான், அரைப்பது நான், தாளிப்பது நான். எல்லாம் கொதித்து வந்ததும் கிளாக்கரம்மா எழுந்து வருவார். சாடியிலிருந்து உப்பை அள்ளிப் போடுவார், கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். உப்புப் போட்டவர்தானே சமைத்தவர்! யாராவது கேட்டால், "எங்கட குசினியில வேலைக்காரியின்ர கை படாது" என்பார். நான் ருசி பார்க்கக் கூடாது, எச்சிலாகிவிடும். எல்லாரும் தின்று முடித்தபின் பின்படியில் உட்கார்ந்து ஆறிப்போன மிச்சத்தைச் சாப்பிடலாம். மூன்று வருசம் அப்படியே ஓடிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

1951 ஆனி மாதம் வந்தது. லயத்தில் வேறு பேச்சே இல்லை. இந்தியாவிலிருந்து வந்த எங்கள் தோட்டத்துச் சனம் இலங்கையிலேயே இருக்கவேண்டும் என்றால் பிரஜாவுரிமைக்கு மனுப் போடவேண்டும், ஆகஸ்ட் ஐந்தாம் தேதியோடு தவணை சரி. மனு எழுதும் செல்வநாயகம் பதுளையிலிருந்து அடுத்த வாரத் திங்கட்கிழமை எங்கள் லயத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரே ஒரு தடவைதான் வருவாராம். என் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பேர், அம்மா பேர், தோட்டத்தின் பேர் எல்லாம் இருக்கிறது. நான் இங்கே பிறந்ததற்கும் என் அம்மா இங்கே வந்து எத்தனை காலம் என்பதற்கும் எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். அதை வேலைக்குச் சேர்ந்த அன்றே கிளாக்கரம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

"அம்மா, என் பொறப்புப் பத்திரம் வேணுங்க. மனுவுக்குக் கேக்குறாங்க."

"அது எப்பவோ துலைஞ்சு போச்சுது. உனக்கேன் இப்ப மனு? நீ இஞ்சதானே இருக்கிறாய்?"

நானும் நம்பித் தொலைத்தேன். அழுதுகொண்டே பாத்திரம் கழுவிய என்னிடம் அவர் மகள் யோகமலர் வந்து குசுகுசுத்தாள்.

"அம்மா பொய் சொல்லுறா, பரிமளம். அலுமாரியில கூறைச் சீலைக்குக் கீழ வைச்சிருக்கிறா. நான் கண்டனான். பூட்டின திறப்பு அவவின்ர இடுப்பில."

"எதுக்குங்க சின்னம்மா ஒளிச்சு வைக்கணும்?"

"அது கையில கிடைச்சா நீ பதுளை ஆஸ்பத்திரியில வேலைக்குப் போயிடுவியாம். பிறகு ஆர் சமைக்கிறது?"

என்னையும் என்னைப் பெற்ற அம்மாவையும் கப்பலேற்றி, நான் கண்ணால் காணாத இந்தியாவுக்கு அனுப்பினாலும் பரவாயில்லை, இவருக்குப் பொரிச்ச குழம்பு வேண்டும்! ஐயாவிடம் போய்ச் சொல்லலாம்தான். அவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நூறு பேருக்கு முன்னால் சத்தம் போடுவார், வீட்டில் பெண்சாதி இருமினால் எழுந்து நிற்பார். என் வழியை நானே பார்க்க வேண்டியதுதான்.

குசினி மேல்தட்டில் எலிப் பாஷாண டின் ஒன்று இருந்தது, மூடியில் மண்டையோட்டுப் படத்தோடு. முதல் வேலையாக அதைப் பின்பக்கம் கொண்டுபோய், ஆழமாகக் குழி தோண்டி, உள்ளே இருந்த தூளை எல்லாம் கொட்டி மூடினேன். டின்னைச் சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவினேன். கொலை செய்ய எனக்கு மனசு வராது. கொஞ்சம் கிலி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

மனு எழுதுபவர் வர இன்னும் ஒரு வாரம் இருந்த திங்கட்கிழமை, வெறும் டின்னை நடுத்தட்டுக்கு இறக்கினேன். செவ்வாய்க்கிழமை மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னடி இது இஞ்ச?" என்றார் கிளாக்கரம்மா.

"எலித் தொல்லைங்கம்மா. பெரிய எலி. அலுமாரிக்குள்ள எல்லாம் போகுதுங்க. சீலைக்குக் கீழ என்னத்தையோ ஒளிச்சு வச்சிருக்குதுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! டின்னைத் தொடவும் பயம். "எடுத்து எறியடி" என்று தூர நின்றே கத்தினார். எறிந்துவிட்டேன் என்றேன். புதன்கிழமை அது அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அன்று முதல் கிளாக்கரம்மா முதல் கவளத்தைப் பூனைக்குப் போட்டு, அது வாலை ஆட்டிக்கொண்டு நடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாப்பிட்டார். அந்த வாரம் பூனைக்கு நல்ல யோகம்.

என்னை நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். எப்படி நிறுத்துவார்? ஞாயிற்றுக்கிழமை யோகமலரைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆடி பிறக்குமுன் பேசி முடித்தாக வேண்டும். கிளாக்கரம்மாவுக்கோ உப்புப் போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பத்திரத்தைக் கொடுத்தால் நான் போய்விடுவேன், கொடுக்காவிட்டால் என்ன செய்வேனோ என்று பயம். நன்றாக மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை இரகுநாதனுக்குப் பதுளைக் கச்சேரியில், அரசாங்க ஆபீசில், உத்தியோகம். கூடவே அவருடைய தாய் கமலாதேவி. வந்த கையோடு அந்த அம்மாள் குசினி வாசலில் வந்து நின்று, மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார்.

"நல்ல வாசம். ஆர் சமைக்கிறது?"

"நான்தான். வேறை ஆர்?" என்று கிளாக்கரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். சம்பந்தி பார்க்கிறாரே! சாடிக்குள் கையை விட்டுக் குழம்புக்கு ஒரு அள்ளு, பருப்புக்கு ஒரு அள்ளு, கீரைக்கு ஒரு அள்ளு. கையைத் தட்டிக்கொண்டு இருவரும் முன்னறைக்குப் போனார்கள்.

அவர்கள் முதுகு மறைந்ததும் நான் பாஷாண டின்னை எடுத்து மூடியைக் கழற்றி, உப்புச் சாடிக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். பிறகு நல்ல பிள்ளையாக அப்பளம் பொரித்தேன்.

யோகமலர் கறிகளை எடுத்துப்போய் முன்னறையில் இலை போட்டுப் பரிமாறினாள். அப்பளம் எடுக்க வந்த கிளாக்கரம்மா டின்னைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூள் இல்லை. சாடியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

"ஐயோ! சாப்பிடாதேங்கோ! ஒருத்தரும் வாயில வைக்காதேங்கோ!"

அவர் போட்ட கூச்சலில் மாப்பிள்ளையின் கையிலிருந்த கவளம் இலையில் விழுந்தது. கிளாக்கரம்மா என்னைத் தரதரவென்று முன்னறைக்கு இழுத்து வந்தார். மூன்று வருசத்தில் அன்றுதான் அந்த அறைக்குள் கால் வைக்கிறேன், கூட்டுமாறு இல்லாமல்.

"எடி, முதல்ல நீ சாப்பிடு! இப்பவே சாப்பிடு!"

"நானாங்கம்மா? இது நீங்க சமைச்சதாச்சுங்களே. என் கை படலீங்களே."

"எல்லாம் இவள்தான் சமைச்சவள்! நஞ்சைக் கலந்து வைச்சிருக்கிறாள்!"

கமலாதேவி கன்னத்தில் கை வைத்தார். "அப்ப நீர் சமைக்கேல்லையோ?" நஞ்சை விட அதுதான் அவருக்குப் பெரிய விஷயமாகப் போய்விட்டது.

சிற்றம்பலம் ஐயா எழுந்தார். "லீலா, அவள் ஏன் எங்களுக்கு நஞ்சு வைக்க வேணும்?"

பதில் சொன்னது யோகமலர். "அவளின்ர பிறப்புப் பத்திரத்தை அம்மா அலுமாரியில ஒளிச்சு வைச்சிருக்கிறா, அப்பா. நாளைக்கு மனு எழுத வருகினமாம். அது இல்லாட்டி அவளுக்கு நாடே இல்லை."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்தால் சம்பந்தம் முறிந்துபோகும் என்பார்கள். மாப்பிள்ளை அவளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

ஐயா பெண்சாதியின் முன்னால் கையை நீட்டினார். அந்தக் கை இறங்கவில்லை. கிளாக்கரம்மா இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து அதில் வைத்தார். உள்ளே போன ஐயா, நான்காக மடித்த கடுதாசியோடு வந்து என்னிடம் நீட்டினார். விரித்துப் பார்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் என் பேர் எனக்குத் தெரியாதா? கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துவிட்டு, பத்திரத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

பிறகு கிளாக்கரம்மாவுக்கென்று போட்டிருந்த இலையில் போய்ச் சம்மணம் கொட்டி உட்கார்ந்தேன்.

"போடுங்கம்மா" என்றேன்.

போட்டார். சோறு, பருப்பு, கீரை, பொரிச்ச குழம்பு. எல்லாரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்க, நான் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டேன். அடேயப்பா, சூடாக இருந்தால் இப்படியா இருக்கும்! இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான் சாகவில்லை என்று உறுதியானதும் மாப்பிள்ளை சிரித்துவிட்டுத் தன் இலையை இழுத்தார். தாய் முறைத்ததை அவர் கவனிக்கவே இல்லை.

கை கழுவிக்கொண்டு முன்வாசல் வழியாகவே இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை செல்வநாயகம் பத்திரத்தைப் பார்த்து என் பேரையும் அம்மா பேரையும் மனுவில் எழுதிக்கொண்டார். விரலில் மை பூசி அம்மா ரேகை வைத்தாள். பிறகு என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஏண்டி, குழம்புல நஞ்சு கிஞ்சுன்னு தோட்டமெல்லாம் பேசுறாங்களே, நெசமா?"

"இல்லம்மா," என்றேன். "உப்புதான் கூட. மூணு வருசமா அப்படித்தான் தின்னுருக்காங்க, பாவம்."