அறுபது வீடு மாறிய கிருமி

ஆத்தூர் அணைக்கரையில் நடந்த ஆட்டுத் தடுப்பூசி முகாமில் டாக்டர் ரஃபியா ஐஸ் பெட்டியைத் திறந்ததும் சூசைராஜ் கேட்ட முதல் கேள்வியே கோணலாக இருந்தது.

"இதுக்குள்ள இருக்கிறது மருந்தா, நோயா?"

எழுபத்தோரு வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சும்மா ஒன்றைக் கொடுத்தால் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். ஆனால் அன்று அவர் ஓட்டி வந்த இருபத்தாறு வெள்ளாடும் அவருடையதல்ல, மருமகள் கிளாராவுடையது. மகன் ராபின் லாரியில் அடிபட்டுப் போன பிறகு மூன்று ஆட்டில் தொடங்கி ஒற்றை ஆளாக அவள் பெருக்கியது. வீட்டில் அடுப்பு எரிவதே அதை வைத்துத்தான். மேய்க்கிற வேலை மட்டும் மாமனாருக்கு.

"செம்பட்டிப் பக்கம் ஆட்டுக்கொல்லி நோய் வந்திருக்காம் மாமா. ஊசி போடாம வந்துறாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

ரஃபியாவுக்கு மழுப்பத் தெரியாது. "நோய்க் கிருமிதான் ஐயா. உயிரோடதான் இருக்கு."

"உசுரோடவா?"

"பயப்படாதீங்க. குரங்கோட கிட்னியிலருந்து எடுத்த செல்லை பாட்டில்ல வளர்ப்பாங்க. அதுல இந்தக் கிருமியை விடுவாங்க. அங்க பெருகினதுல கொஞ்சம் எடுத்து அடுத்த பாட்டில். இப்படி அறுபது தடவைக்கு மேல மாத்திட்டாங்க. மாத்த மாத்த ஆட்டைக் கொல்ற வேகம் அதுக்குப் போயிருச்சு. ஆனா ஆட்டு உடம்பு இதை வச்சு நோயை அடையாளம் கண்டுக்கும்."

"போன வேகம் திரும்பி வந்துச்சுன்னா? குழி வெட்ட நீ வாறியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஊசி போட்ட அதே வாரத்தில் நாலு ஆடு செத்ததை அவர் மறக்கவில்லை. ஊசிக்கு முன்பே அவற்றுக்கு நோய் தொற்றியிருக்கும் என்றாள் ரஃபியா.

"செத்ததுக்குக் காரணம் சொல்லத்தான் உங்களைப் படிக்க வச்சிருக்காக" என்று சொல்லிவிட்டு ஆடுகளைத் திருப்பினார்.

வீட்டில் கிளாரா, "போட்டாச்சா மாமா?" என்றாள்.

"போட்டாச்சு."

அவளோடு மல்லுக்கட்ட முடியாமல் சொன்ன பொய் அது. சாயந்தரம் பட்டிக்குள் போய் ஒவ்வொரு ஆட்டின் மூக்கையும் தொட்டுப் பார்த்தார். நோய் செம்பட்டியில் இருக்கிறது. செம்பட்டி ஒன்றும் சீமையில் இல்லை.

அப்போதுதான் அவருடைய அப்பா செய்தது நினைவுக்கு வந்தது. செம்மறிக்கு அம்மை வந்த வருடங்களில், லேசாக வந்து தேறிய ஆட்டின் பொருக்கை எடுத்து, மற்ற ஆடுகளின் காதைக் கீறித் தேய்த்துவிடுவார். பெரும்பாலும் பிழைத்தன. டாக்டரம்மா சொன்னதும் இதே சங்கதிதான் என்று சூசைராஜுக்குப் பட்டது. வீடு மாற மாறக் கிருமி இளைக்கும். பாட்டிலில் மாற்றினால் என்ன, ஆட்டில் மாற்றினால் என்ன?

மறுநாளே செம்பட்டியில் கறிக்கடை இஷாக்கின் பட்டிக்குப் போனார். அங்கே ஒரு கிடா நோயில் விழுந்து, எழுந்து, தழை தின்றுகொண்டிருந்தது. மூக்குச் சளி மட்டும் இன்னும் காயவில்லை. சூசைராஜ் துணியால் அதை அழுந்தத் துடைத்தார்.

"என்ன பெரியவரே, மாப்பிள்ளைக்கு மூக்குத் தொடச்சு விடுறீகளா?" என்று இஷாக் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, கிழட்டு ஆடு ஒன்றை மோட்டார் ரூமுக்குப் பின்னால் தனியாகக் கட்டி, மூக்கில் அந்தத் துணியைத் தேய்த்தார். கிளாரா கேட்டதற்குக் கால் நொண்டுகிறது என்றார். ஐந்தாம் நாள் அதற்குக் காய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. ஆனால் நின்றது. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு வீடு மாறியாகிவிட்டது. அதன் சளியை ஒரு குட்டிக்குத் தேய்த்தார். இரண்டாம் வீடு.

குட்டி நாலாம் நாளே சுருண்டது. வாயெல்லாம் புண், பின்னால் பச்சையாகக் கழிச்சல். கிழட்டு ஆடும் அன்றே செத்தது. தனியாகக் கட்டினோம் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் அதே கையாலும் அதே வாளியாலும்தான் பட்டிக்கும் தண்ணீர் காட்டியிருந்தார். அடுத்த வாரம் பட்டி முழுக்க இருமல்.

கிளாரா ஒவ்வொரு ஆட்டின் வாயையும் உப்புத் தண்ணீரால் கழுவினாள். கம்பங்கூழை விரலில் எடுத்து ஊட்டினாள். ஏழாவது ஆடு செத்த காலையில் தெருவில் நின்று கத்தினாள்.

"ஊசி போட்ட ஆடுய்யா எல்லாம்! ஊசி போட்டுத்தான் போச்சு! யாரும் போடாதீங்க!"

சூசைராஜ் பட்டிக்குள் நின்று அதைக் கேட்டார். வெளியே வரவில்லை.

செய்தி எட்டி ரஃபியா மத்தியானமே வந்தாள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இந்த வீட்டு ஆட்டுக்கு நான் ஊசி போடலையேம்மா. பேரே எழுதலையே" என்றாள்.

கிளாரா மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடல" என்றார். பிறகு துணி, கிடா, மோட்டார் ரூம் எல்லாவற்றையும் சொன்னார். "நீ சொன்னதைத்தான் தாயி செஞ்சேன். மாத்துனா இளைக்கும்னியே."

ரஃபியா தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டாள். "பாட்டில் செல்லுல வளர்ந்தது அந்தச் செல்லுக்குப் பழகுச்சு ஐயா. அதனாலதான் ஆட்டைக் கொல்ல அதுக்கு வலு இல்லாமப் போச்சு. நீங்க ஆட்டுலயே மாத்துனா அது எதுக்குப் பழகும்?"

அவருக்குப் புரிந்தது.

"இப்பப் போடு தாயி. எல்லாத்துக்கும் போடு."

"காய்ச்சல் இல்லாதது அஞ்சுதான் இருக்கு. அதுக்குப் போடுறேன். ஆனா ஊசி வேலை செய்யப் பத்து நாளாச்சும் ஆகும். நோய் அதுவரைக்கும் காத்திருக்குமான்னு சொல்ல முடியாது."

ஐந்து ஆட்டையும் அவரே பிடித்துக் கொடுத்தார். கிளாரா பக்கத்தில் வரவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரஃபியா கிளம்பும்போது, "உங்க தெருவுல இன்னைக்கு ஒருத்தரும் ஊசிக்கு ஆட்டை விடல. நீங்களாச்சும் சொல்லுங்க ஐயா" என்றாள்.

அடுத்த வீட்டுக் கண்ணுசாமிக்கு நாற்பது ஆடு. சூசைராஜ் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். கண்ணுசாமி பீடியைக் கீழே போட்டார்.

"அண்ணே, ஒம்போது வருசமா ஊசி போட்டா ஆடு சாகும்னு சொல்லிச் சொல்லி என் காதை ஓட்டையாக்குனதே நீங்கதான். இப்ப அந்த டாக்டரம்மா உங்களை நல்லா மந்திரிச்சு விட்டிருக்கா."

"சத்தியமா நான் போடவே இல்லப்பா. என் கையாலதான் கெடுத்தேன்."

"மருமகளே தெருவுல நின்னு சொல்லிருச்சே. அது பொய்யா சொல்லும்? போங்கண்ணே, போய்ப் படுங்க."

கிளாராவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று திரும்பினார். அவள் பட்டிக்குள் எட்டாவது ஆட்டின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிடாமலே கண்ணுசாமி பக்கம் திரும்பினார்.

கண்ணுசாமி படலைத் திறந்தார். நாற்பது ஆடும் சூசைராஜின் வேட்டியை உரசிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போயின. கடைசியாகப் போன குட்டி நின்று ஒரு தரம் தும்மியது.

"கண்ணுசாமி" என்றார்.

"போங்கண்ணே."