இரட்டை நங்கூரம்

1

“உன் நாக்குதான்டி என் புருஷன் கையிலேருந்து நங்கூரத்தப் பிடுங்கிச்சு!”

“பிடுங்கினது கேப்டன். தைரியம் இருந்தா அவர்கிட்டப் போய்க் கத்து!”

கடற்படைத் துறைமுகமான போர்ட்ஸ்மத்தில், எங்கள் தெருவில், பட்டப்பகலில் வினியும் ஹில்டாவும் போட்ட இந்தச் சண்டையில்தான் கதை பிறந்தது. நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். (ஏற்கெனவே துடைத்த ஜன்னல்தான்.)

2

முதல் தொடக்கம்: ‘டிஸ்ரேட் என்னும் ஆங்கிலச் சொல்லானது...’ வேண்டாம், பள்ளிக்கூட வாடை. ஆனால் சொல்லாமலும் தீராது. கடற்படையில் மாலுமியின் படிக்கு ‘ரேட்’ என்று பெயர்; கணக்கிட்டு வைத்த பங்கு என்பது அதன் லத்தீன் வேர். முன்னால் ‘டிஸ்’ ஒட்டினால், அந்தப் படியைப் பறிப்பது. எங்கள் தெருவில் புருஷன் இறங்கினால் பெண்டாட்டியும் இறங்குவாள், மீன்கடை வரிசையில்கூட.

3

ஹில்டாவை நல்லவளாக எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் நிற்கவில்லை.

வினிக்கு ஊசி பிடிக்க வராது. ஆகவே அவள் புருஷன் ரெஜ் பெட்டி ஆபீசர் படிக்கு உயர்ந்தபோது, அவன் சட்டைக் கையில் அந்தப் படியின் அடையாளமான இரட்டை நங்கூரத்தைத் தைத்துக் கொடுத்தவளே ஹில்டாதான். அதே கப்பலில் அவளுடைய புருஷன் ஸ்டானுக்குப் பத்து வருடமாக ஒரு படி கீழே, ஒற்றை நங்கூரம். ஒவ்வொரு தையலும்

[இங்கே ஓர் உவமை இருந்தது. அடித்துவிட்டேன்.]

கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கு ஹில்டா ரெஜ்ஜிடம் ரம் கேட்டாள். பெட்டி ஆபீசருக்குத் தினமும் தண்ணீர் கலக்காத ரம் உண்டு. அன்றன்றே குடித்துவிட வேண்டும், சேர்த்து வைத்தால் குற்றம். அவளுக்காக அவன் சேர்த்தான். மருந்து பாட்டிலில் ஒளித்துக் கொண்டுவந்தான்.

ஹில்டா வீட்டுக்குப் புட்டிங் சாப்பிட வந்தவள், அந்தக் கப்பலின் போலீஸ்காரருடைய மனைவி.

“என்னடி ரம் இது? கடைச் சரக்கு மாதிரி இல்லையே!”

வெளியே வினி புதுக் கோட்டு போட்டுக்கொண்டு போவதை ஹில்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

“பக்கத்து வீட்டு ரெஜ் குடுத்தது, அக்கா. பெரிய மனுஷன் இல்ல?”

4

முடிவு அ: வாய் தவறிவிட்டது.

முடிவு ஆ: தவறவே இல்லை.

கோட்டைப் பார்த்ததற்கும் வாய் திறந்ததற்கும் நடுவே ஹில்டாவின் மனதில் ஓடியது: (                ). நிரப்ப வேண்டியது நீங்கள். எனக்குத் தெரியும் என்றால் நம்பமாட்டீர்கள். தெரியாது என்றாலும் நம்பமாட்டீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். விஷயம் கேப்டன் வரை போய், ரெஜ்ஜின் இரட்டை நங்கூரம் ஒற்றையானது; ரெஜ்ஜும் ஸ்டானும் ஒரே படியானார்கள். ஹில்டா ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினாள். ஸ்டான் கடைசிவரை மேலே ஏறவில்லை. வசந்தத்தில் வினி குடும்பம் ஸ்விண்டன் என்ற வெளியூருக்குக் குடிபெயர்ந்தது. நான்கு வருடம் கழித்து ஹில்டாவின் ஒரே மகன் அங்கே தேடிப்போய் வினியின் மகளைக் கட்டிக்கொண்டான், அங்கேயே தங்கியும்விட்டான். தெருவில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஹில்டாவுக்கு வரவில்லை.